ஒரு செமஸ்டர் ஜெர்மனியில்: கல்லூரி அனுமதி முதல் மார்க்ஷீட் வரை

கோவைப் பக்கத்துத் தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த நான், ஐந்தாவது செமஸ்டரைப் பரிமாற்ற மாணவனாகக் கிழக்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர நகரத்தில் படித்தேன். அங்கே படித்தது ஐந்து மாதம். அதற்கான தாள்களைச் சேர்க்க எட்டு மாதம் ஆனது. திரும்பி வந்தபின் அங்கே வாங்கிய மதிப்பெண்கள் இங்கே மார்க்ஷீட்டில் ஏறுவதற்கு இன்னும் நான்கு மாதம் அலைந்தேன். விசாதான் பெரிய மலை என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மையில் விசா ஒழுங்காக வந்துவிட்டது. இழப்பு நேர்ந்ததெல்லாம் நான் எழுத்தில் வாங்காமல் விட்ட இடங்களில்தான். அடுத்த ஆண்டு செல்ல நினைக்கும் மாணவர்களுக்காக, எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும், எங்கே கால் வழுக்கும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். கணக்குக்கு வசதியாக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்திருக்கும் தொகைகள் மாறக்கூடியவை. பணம் கட்டும் நாளில் உரிய இணையத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

1. இரண்டு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்

நம் கல்லூரிகளில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் தேர்வோடு முடிகிறது. இரட்டைப்படை செமஸ்டர் ஜனவரியில் தொடங்கிவிடுகிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முதல் பாதியில் முடியும். தேர்வுகள் அதற்குப் பிறகு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடக்கும். கோடைக்கால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்புகள் ஜூலையில் முடியும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு முனையில் மோதும். குளிர்காலத்தில் சென்றால் உங்கள் ஆறாவது செமஸ்டரின் முதல் ஆறேழு வாரம் போய்விடும். கோடையில் சென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை எந்தக் கல்லூரியிலும் இல்லாமல் இருப்பீர்கள், திரும்பும்போது ஜூலை வகுப்புகளும் தொடங்கியிருக்கும்.

இந்த மோதலைத் தவிர்க்க முடியாது. முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைக்கலாம். வருகைப் பதிவு 75 விழுக்காடு இருந்தால்தான் தேர்வெழுதலாம் என்ற விதி நம் எல்லாருக்கும் தெரியும். நான் பிப்ரவரி 26 அன்று திரும்பி வகுப்பில் உட்கார்ந்தபோது, என் வருகைக் கணக்கில் ஜனவரி 5 முதல் எல்லா நாளும் விடுப்பு என்றே குறிக்கப்பட்டிருந்தது. "நீ ஜெர்மனியில் இருந்தது எங்களுக்குத் தெரியும் தம்பி, ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாதே" என்றார் அலுவலகத்து அம்மா. அவர் சொன்னது நியாயம்தான். ஆகவே, பரிமாற்றக் காலம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அதில் அடுத்த செமஸ்டரின் எத்தனை நாள் பணிநிமித்த விடுப்பாகக் கொள்ளப்படும் என்பதைத் தேதிகளோடு முதல்வரின் கையெழுத்தில் ஒரு கடிதமாக, கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாவது செமஸ்டரில் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. வளாக வேலைவாய்ப்புத் தேர்வுகள் அந்தச் சமயத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நான்கரை மணி நேர வித்தியாசத்தில், விடுதி அறையில் உட்கார்ந்து எழுதும் இணையத் தேர்வுகள் யாருக்கும் இனிக்கவில்லை. ஐந்தாவது செமஸ்டரோ ஆறாவதோ ஏற்றது.

2. ஒப்பந்தத்தின் வழியே செல்கிறீர்களா, சொந்த முயற்சியிலா என்பதைத் தெளிவாக்குங்கள்

உங்கள் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால், நீங்கள் இங்கே வழக்கமான கட்டணத்தைக் கட்டுவீர்கள், அங்கே கல்விக் கட்டணம் கேட்கமாட்டார்கள். ஒப்பந்தம் இல்லாமல் நேரடியாக விண்ணப்பித்துச் சென்றால் இரண்டு இடத்திலும் கட்ட நேரிடலாம். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்: பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017-ஆம் ஆண்டின் குளிர்கால செமஸ்டர் முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது, ஒப்பந்தப் பரிமாற்ற மாணவர்களுக்கு அதில் விலக்கு உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கல்லூரியின் விளம்பரத் தட்டியில் இருபது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் சின்னங்கள் இருக்கும். அவற்றில் பல, பேராசிரியர்கள் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் மட்டுமே. கல்லூரியின் சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் மாணவர் பரிமாற்றமும் கட்டண விலக்கும் எழுதப்பட்டிருக்கின்றனவா, அது இன்னும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை இடம். எங்கள் கல்லூரியில் இருந்தவை இரண்டே இடங்கள். அரியர் இருப்பவர்களை அனுப்பமாட்டார்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

குளிர்கால செமஸ்டருக்குக் கல்லூரி உங்களைப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டிய கடைசித் தேதி பெரும்பாலும் மே அல்லது ஜூனில் வரும். எனவே முந்தைய டிசம்பரிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

3. நிகர்ப்பாடப் பட்டியலைக் கையெழுத்தோடு வாங்குங்கள்

இந்த ஒரு படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். அங்கே நீங்கள் படிக்கப்போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே எந்தப் பாடத்தை விட்டுக்கொடுப்பார்கள் என்பதே கேள்வி. லேர்னிங் அக்ரிமென்ட் என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நான் எண்ணினேன். முடியவில்லை. அந்தப் படிவத்தில் எங்கள் துறைத் தலைவர் கையெழுத்திட்டிருந்தார். ஆனால் மதிப்பெண்ணை ஏற்றும் அதிகாரம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தினுடையது. அந்த அலுவலகம் பாடத்திட்டக் குழுவின் தீர்மானத்தைத்தான் கேட்கும். அந்தக் குழு ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் கூடும். ஆக, நீங்கள் செல்வதற்கு முன் நடக்கும் கூட்டத்தில் உங்கள் பட்டியலை வைத்துத் தீர்மானம் போடச் செய்து, அதன் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைத் தயாரிக்க, அங்குள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் பாட விவரக் கையேடு என்று ஒரு ஆவணம் இணையத்தில் கிடைக்கும். பாடத்தின் உள்ளடக்கம், வார மணி நேரம், தேர்வு முறை, கற்பிக்கும் மொழி எல்லாம் அதில் இருக்கும். மொழியை உற்றுப் பாருங்கள். பாடத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் வகுப்பும் ஆங்கிலத்தில் நடக்கும் என்று பொருளில்லை. அந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நடத்தப்படுகிறது என்பதையும் பாருங்கள்; கோடையில் மட்டும் நடக்கும் ஒரு பாடத்தை என் முதல் பட்டியலில் சேர்த்திருந்தேன், செப்டம்பர் கடைசியில்தான் அது தெரிந்தது. பாடம் மாறும்போதெல்லாம் திருத்தப் படிவத்திலும் மூன்று கையெழுத்து வேண்டும். ஆகவே துறைத் தலைவரின் மின்னஞ்சல் ஒப்புதலையாவது உடனே வாங்கிவிடுங்கள். மாற்றாக இரண்டு பாடங்களைக் கூடுதலாகவே நிகர் பார்த்து வைப்பது நல்லது.

கிரெடிட் கணக்கு வேறு. ஐரோப்பாவில் ஈ.சி.டி.எஸ். என்ற புள்ளிமுறை, ஒரு செமஸ்டரின் முழுச் சுமை 30 புள்ளி, ஒரு புள்ளி என்பது வகுப்பும் வீட்டுப்படிப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எங்கள் கல்லூரி 5 புள்ளிப் பாடத்தை 3 கிரெடிட் என்று எடுத்துக்கொண்டது. உங்கள் கல்லூரி எப்படி எடுக்கும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பெண் மாற்றத்துக்கும் அட்டவணை கேளுங்கள். ஜெர்மனியில் 1.0 என்பது முதல்தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. "ஒன்று புள்ளி ஏழு வாங்கியிருக்கிறேன்" என்று தொலைபேசியில் சொன்னபோது எங்கள் அப்பா சற்று நேரம் பேசவேயில்லை. அங்குள்ளவர்கள் நம் மதிப்பெண்ணை மாற்றப் பயன்படுத்தும் பவேரிய வாய்ப்பாடு எளிது: உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, உச்ச மதிப்புக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி 5 என்ற முறையில் 8.0 வைத்திருப்பவருக்கு 2.2 வரும். திரும்பி வரும்போது இதையே தலைகீழாகப் போடுவார்களா, சொந்த அட்டவணை வைத்திருக்கிறார்களா, அல்லது வெறும் தேர்ச்சி என்று மட்டும் குறிப்பார்களா என்பது உங்கள் சி.ஜி.பி.ஏ.வைப் பாதிக்கும் விஷயம். முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

4. பெயரையும் பாஸ்போர்ட்டையும் சீர் செய்யுங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. மார்க்ஷீட்டில் "கார்த்திக் எஸ்." என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே எழுத முடியாது, விரித்தே எழுத வேண்டும் என்பதால் "கார்த்திக் செல்வராஜ்" என்று இருக்கும். சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். ஜெர்மன் அலுவலகங்களின் கணினிகளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட இயலாது; ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக நிரப்பும், பிறகு காப்பீட்டு அட்டையும் வங்கிக் கணக்கும் பல்கலைக்கழக அட்டையும் மூன்று வெவ்வேறு ஆட்களுடையவை போலத் தெரியும். தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதி, அதன்படியே பல்கலைக்கழக விண்ணப்பம், விமானச் சீட்டு, காப்பீடு எல்லாவற்றையும் நிரப்புவதே தொல்லை குறைந்த வழி. அப்புறம் ஐந்து மாதம் எல்லாரும் உங்களை உங்கள் அப்பாவின் பெயரால் அழைப்பார்கள். நான் முதல் வாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

மார்க்ஷீட்டிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று கல்லூரியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு சான்று வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இன்றே விண்ணப்பியுங்கள்: 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கலில் 3,500 ரூபாய். விடுதி முகவரியைக் கொடுத்தால் காவல்துறைச் சரிபார்ப்பு இழுக்கும். வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு அந்த நாளில் வீட்டில் இருங்கள்.

5. தங்குமிடத்துக்கு உடனே பதியுங்கள்

பரிந்துரைக் கடிதம் சென்ற அன்றே, அந்த நகரத்தின் மாணவர் நலச் சேவை நடத்தும் விடுதிகளுக்கு விண்ணப்பியுங்கள். ஷ்டுடீரன்டன்வெர்க் என்பது அந்த அமைப்பின் பெயர். காத்திருப்புப் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். எனக்குக் கிடைத்த அறைக்கு மாதம் 290 யூரோ. பெரிய நகரங்களில் இதைவிட மிக அதிகம். முன்பணமும் முதல் மாத வாடகையும் கிளம்புவதற்கு முன்பே கேட்பார்கள். தனியார் அறையென்றால், வாடகைக்கான முன்பணம் பராமரிப்புச் செலவு நீங்கலான மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது அங்குள்ள சட்டம்.

மோசடிக்காரர்களின் கதை ஏறக்குறைய ஒன்றுதான்: "நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்." வீட்டின் படங்கள் ஓட்டல் போல இருக்கும், வாடகை பாதியாக இருக்கும். அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தத்தின் கடைசித் தேதியைப் பாருங்கள். விடுதி ஒப்பந்தங்கள் செமஸ்டர் முடியும் மார்ச் 31 வரை இருக்கும். பிப்ரவரியில் கிளம்பினாலும் மார்ச் வாடகை உங்கள் தலையில்தான். விடுதி அனுமதித்தால் அந்த மாதத்துக்கு வேறொரு மாணவருக்கு உள்வாடகைக்கு விடலாம்.

6. பணத்தைக் காட்டுவதும் கையில் வைத்திருப்பதும் வெவ்வேறு

விசாவுக்கு, அங்கே தங்கும் காலத்துக்குப் போதிய பணம் உங்களிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்ற கணக்கு நடைமுறையில் இருக்கிறது; ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, அதாவது சுமார் 6 லட்சம் ரூபாய். இதை பிளாக்டு அக்கவுண்ட் என்ற கணக்கில் மொத்தமாகப் போட்டுவிட வேண்டும். அங்கே போனபின் மாதந்தோறும் ஒரு பங்கு மட்டும் வெளியே வரும். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா போன்ற நிறுவனங்கள் இந்தக் கணக்கை இணையத்திலேயே திறந்து தருகின்றன. தொடக்கக் கட்டணமும் மாதக் கட்டணமும் உண்டு. உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும்.

இங்கிருந்து அனுப்பும்போது வங்கிக்கு பான் எண், சேர்க்கைக் கடிதம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் ஆகியவை வேண்டும். கல்விக்காக அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை வங்கி மூலத்திலேயே வசூலிக்கும் டி.சி.எஸ். வரி கிடையாது. சிறிய கிளைகளில் இந்த வேலையைச் செய்து பழக்கமிருக்காது; எங்கள் ஊர்க் கிளையில் ஏ2 படிவத்தைத் தேடவே அரை நாள் போயிற்று. மாவட்டத் தலைநகரிலோ கோவையிலோ உள்ள அந்நியச் செலாவணிக் கிளைக்கு நேராகச் செல்லுங்கள். இடையிலுள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதால் போய்ச் சேரும் தொகை சில பத்து யூரோ குறைந்துவிடும். குறைந்தால் கணக்கு உறுதிக் கடிதம் வராது. 60 யூரோ கூட்டியே அனுப்புங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அடுத்த இடத்தில். பணம் அந்தக் கணக்கில் இருந்தது, என்னால் எடுக்க முடியவில்லை. அங்கே இறங்கி, முகவரியைப் பதிந்து, சாதாரண வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் எண்ணைக் கொடுத்து, அவர்கள் சரிபார்த்தபின்தான் முதல் மாதப் பணம் வரும். எனக்கு 19 நாள் ஆனது. கையில் கொண்டுபோன 300 யூரோ விடுதிப் போர்வை, பாத்திரம், சிம் கார்டு என்று ஒரே வாரத்தில் கரைந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்து அங்கே மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் 200 யூரோ கொடுத்திராவிட்டால் ரொட்டியும் தயிரும்தான் கதி. ஆகவே பிளாக்டு அக்கவுண்டுக்கு அப்பால், ஃபாரெக்ஸ் அட்டையில் 1,000 யூரோவும் கையில் 200 யூரோவும் கட்டாயம் வைத்திருங்கள்.

7. விசா

90 நாளுக்கு மேல் தங்குவதால் சுற்றுலா விசா பயன்படாது; டி வகை தேசிய விசா வேண்டும். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்ட வேண்டும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. சென்னை வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் கிடைப்பதுதான் கடினம். ஜூலை, ஆகஸ்டில் முழுப் படிப்புக்குச் செல்பவர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திராமல், பரிந்துரை உறுதியானதுமே எந்தத் தேதிகள் திறக்கின்றன என்று கவனிக்கத் தொடங்குங்கள். விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து எனக்கு ஆறு வாரம் ஆனது.

எடுத்துச் சென்றவை: பாஸ்போர்ட்டும் நகலும், 35-க்கு 45 மில்லிமீட்டர் பயோமெட்ரிக் படங்கள், இரு பல்கலைக்கழகங்களின் கடிதங்கள், லேர்னிங் அக்ரிமென்ட், இதுவரையிலான மார்க்ஷீட்கள், ஏன் இந்த செமஸ்டர் என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதம், தன்விவரம், ஆங்கிலத் தேர்ச்சிக்கான சான்று, பிளாக்டு அக்கவுண்ட் உறுதி, காப்பீடு. எல்லாவற்றிலும் இரண்டு தொகுப்பு. விளக்கக் கடிதத்தைச் சீனியரிடம் வாங்கி அப்படியே எழுதாதீர்கள். எந்தப் பாடங்களைப் படிக்கிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், திரும்பியபின் எந்த செமஸ்டரில் சேர்கிறீர்கள் என்பது தெளிவாக இருந்தாலே போதும்.

முழுப் பட்டப்படிப்புக்குச் செல்லும் இந்திய மாணவர்களிடம் 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கேட்கிறார்கள். கன்சல்டன்சிக்காரர்கள் அந்தப் பட்டியலையே எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். தூதரகத் தளத்தில் பரிமாற்ற மாணவர்களுக்கென்று உள்ள பட்டியலை மட்டும் பின்பற்றுங்கள். இந்த வேலைக்குக் கன்சல்டன்சிக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே தேதிகளைப் படியுங்கள். உங்கள் கடைசித் தேர்வுக்கு முன்பே விசா முடிந்தால், அங்கே சென்றவுடன் தங்கும் அனுமதி அட்டைக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கேட்க வேண்டும். அங்கும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், அட்டைக்கு 100 யூரோ வரை செலவாகும்.

8. பெட்டி

கனத்த குளிர்கால அங்கியைச் சென்னையில் வாங்காதீர்கள். அங்கே பழைய துணிக்கடையில் 30 யூரோவுக்கு வாங்கியது எனக்கு மார்ச்சு வரை உழைத்திருக்கும். நெய், பால்கோவா, இறைச்சி வகைகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும் என்பதால் அதையும் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பொடி வகைகள் போதும். குக்கர் கொண்டுபோவதென்றால் அடி தட்டையானதாக இருக்கட்டும். விடுதி அடுப்புகள் பெரும்பாலும் மின்தட்டு. நம் மூன்று முனைப் பிளக் அங்குள்ள சாக்கெட்டில் நுழையாது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள்.

9. முதல் இரண்டு வாரம்

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். மற்ற எல்லாத் தாளும் இதன்மேல்தான் நிற்கின்றன. பாஸ்போர்ட்டும், நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அந்தத் தாளுக்கு ஈடாகாது. விடுதிச் சாவியை வாங்கும்போதே அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள். நேரப் பதிவை இந்தியாவிலிருந்தே இணையத்தில் செய்துவிடலாம். நான் செய்யாததால் மூன்றாவது வாரத்தில்தான் நேரம் கிடைத்தது. 19 நாள் கதைக்கு அதுவும் ஒரு காரணம்.

பல்கலைக்கழகத்தில் சேர்க்கையை முடிக்க மருத்துவக் காப்பீடு வேண்டும். 30 வயதுக்குக் கீழ் உள்ள மாணவர்களுக்கு டி.கே., ஏ.ஓ.கே. போன்ற பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் சலுகைத் திட்டம் உண்டு. மாதம் சுமார் 150 யூரோ. காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தகவல் அனுப்பும். உங்கள் வேலை, சேர்க்கைக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பித்து அதை அனுப்பச் சொல்வது. இந்தியாவில் வாங்கிய பயணக் காப்பீடு, இறங்கிய நாளிலிருந்து இந்தக் காப்பீடு தொடங்கும்வரை மட்டும் பயன்படும்.

செமஸ்டர் பங்களிப்பு என்று ஒருமுறைக் கட்டணம் உண்டு. எனக்கு 260 யூரோ, அதிலேயே பேருந்து, டிராம் பயணச்சீட்டும் அடக்கம். சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் ஒன்று தபாலில் வரும். தொலைக்காட்சி இல்லையே என்று அதைக் குப்பையில் போடாதீர்கள்; வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்பது சட்டப்படியான கட்டணம், பகிர்ந்த வீடென்றால் ஒருவர் கட்டினால் போதும். ஜெர்மனியில் எல்லா முக்கியச் செய்தியும் தாள் கடிதமாகவே வருகிறது. தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டாவிட்டால் அஞ்சல்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடுவார், வங்கி அட்டை உட்பட.

மென்ஸா என்னும் மாணவர் உணவகத்தில் 3 முதல் 5 யூரோவுக்குள் மதியச் சாப்பாடு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவுக்குள் அரிசி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வாடகை, காப்பீடு, சாப்பாடு, தொலைபேசி எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் 700 யூரோ ஆனது. ஆண்டுக்கு 140 முழுநாள் வரை வேலை செய்ய மாணவர்களுக்கு அனுமதி இருந்தாலும், ஜெர்மன் மொழி தெரியாமல் ஒரு செமஸ்டருக்கு மட்டும் வருபவருக்கு வேலை கிடைப்பது அரிது. அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

10. தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும்

வகுப்பில் சேர்ந்தால் தேர்வுக்கும் சேர்ந்துவிட்டோம் என்பது நம் ஊர்ப் பழக்கம். அங்கே அப்படியல்ல. ஒவ்வொரு பாடத்தின் தேர்வுக்கும் இணையத்தில் தனியே பதிய வேண்டும். அதற்கென்று சில வாரம் மட்டும் கதவு திறந்திருக்கும், நான் படித்த இடத்தில் அது டிசம்பரோடு மூடிவிட்டது. ஐந்து பாடத்தில் நான்குக்குப் பதிந்திருந்தேன். ஐந்தாவது பாடம் வேறு துறையினுடையது, அதன் பதிவுப் பக்கமும் வேறு. ஜனவரி நடுவில் பேராசிரியரின் அறைக்குப் போய் நின்றேன். அவர் என் பெயரைத் தட்டிப் பார்த்தார், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், "வகுப்பில் உங்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பட்டியலில் நீங்கள் இல்லை" என்றார். தேநீர் வேண்டுமா என்று கேட்கும் தொனியில்தான் சொன்னார். அவ்வளவுதான், அந்தப் பாடம் போயிற்று. அதற்கான 3 கிரெடிட்டை ஏழாவது செமஸ்டரில் கூடுதல் பாடமாக எழுதினேன்.

பதிந்தபின் உறுதிப் பக்கத்தைப் பி.டி.எஃப்.பாகச் சேமித்து வையுங்கள். பெரும்பாலான பாடங்களில் உள்மதிப்பீடு கிடையாது, முழு மதிப்பெண்ணும் ஒரே தேர்வில்தான். தேர்வுத் தேதி முன்கூட்டியே வெளியானால் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் விமானச் சீட்டை எடுங்கள். தேதி தெரியாமல் எடுப்பதென்றால் மாற்றத்தக்க சீட்டாக எடுங்கள். மார்ச்சில் தேர்வு வைக்கும் பாடங்களை அக்டோபரிலேயே கழற்றிவிட்டு, வகுப்பு முடிந்த கையோடு தேர்வு வைக்கும் பாடங்களையும் செய்முறைத் திட்டப் பாடங்களையும் எடுத்தால் வருகைப் பதிவுச் சிக்கல் பாதியாகக் குறையும்.

11. கிளம்பும் முன் மூட வேண்டிய கணக்குகள்

முகவரிப் பதிவை நீக்குவதற்குப் புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து செல்லலாம். அந்தச் சான்றைப் பத்து நகல் எடுங்கள். அதைக் காட்டித்தான் காப்பீட்டையும் ஒலிபரப்புக் கட்டணத்தையும் கைப்பேசித் திட்டத்தையும் நிறுத்த முடியும். காப்பீடு தானாக நின்றுவிடாது; செமஸ்டர் மார்ச் 31 வரை என்பதால், பல்கலைக்கழகத்திலிருந்து முறையாக விலகி அந்தச் சான்றையும் அனுப்பினால்தான் மார்ச்சுக்கான தொகையைக் கேட்கமாட்டார்கள். என்னோடு வந்த நண்பன் இதை விட்டுவிட்டு, இந்தியாவுக்கு வந்தபின் இரண்டு நினைவூட்டுக் கடிதமும் அபராதமும் வாங்கினான்.

வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். விடுதி முன்பணமும் பிளாக்டு அக்கவுண்டில் மிச்சமிருக்கும் பணமும் அதில்தான் வந்து சேரும். எனக்கு முன்பணம் ஏழு வாரம் கழித்து வந்தது. அறையைக் காலி செய்யும்போது சுவர், அடுப்பு, மெத்தை எல்லாவற்றையும் படம் எடுத்து, பொறுப்பாளர் கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாளையும் வாங்குங்கள்.

12. மதிப்பெண் சான்றைத் துரத்துங்கள்

தேர்வு முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில் மதிப்பெண்கள் ஏறும். எல்லாம் ஏறியபின்தான் டிரான்ஸ்கிரிப்ட் தருவார்கள். கிளம்பும் முன் அங்குள்ள சர்வதேச அலுவலகத்துக்குச் சென்று, அதை உங்கள் கல்லூரிக்கு நேரடியாக மின்னஞ்சலிலும் முத்திரையிட்ட உறையிலும் அனுப்பக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் மாணவன் கையில் கொண்டுவந்த தாளை ஏற்கவில்லை. பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு செமஸ்டர் முடிந்ததும் அடைபடும். பாட விவரக் கையேடு, தேர்வுப் பதிவு உறுதி, மதிப்பெண் பக்கம் எல்லாவற்றையும் அதற்கு முன்பே இறக்கி வையுங்கள்.

இங்கே வந்ததும் டிரான்ஸ்கிரிப்ட், பாடத்திட்டக் குழுத் தீர்மானத்தின் நகல், லேர்னிங் அக்ரிமென்ட், மதிப்பெண் மாற்ற அட்டவணை ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்து, கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டபோதெல்லாம் எனக்கு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பதே பதிலாக வந்தது; முத்திரை போட்ட நகலோடு போனபின் பத்து நாளில் மார்க்ஷீட் வந்தது. வந்த மார்க்ஷீட்டில் பாடக் குறியீடுகளை அங்கேயே நின்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். என்னுடையதில் ஒரு பாடம் இரண்டு முறை ஏறியிருந்தது, ஒன்று ஏறவேயில்லை. திருத்தித் தர மேலும் மூன்று வாரம் ஆனது.